ஆறாவது அண்டா

அண்ணாச்சி, அந்த ஜன்னலோர சீட்டை எனக்குத் தருவீகளா? தூத்துக்குடி வரைக்கும் வேண்டாம். ஏரல் ஆத்துப் பாலம் தாண்டுற வரைக்கும் போதும், அதுக்கப்புறம் மாறிக்கிடலாம். என்னது, பஸ்ல உக்காந்தா குமட்டுமா? சரி சரி, நீங்களே இருங்க. வாந்தி வார ஆளை எழுப்பிவிட்டு நான் உக்காந்தா நல்லாவா இருக்கும். பாலம் வந்ததும் லேசா தலையைக் குனிஞ்சுக்கிடுங்க, நான் உங்களுக்கு மேலாக கையை நீட்டிக்கிடுதேன். ரெண்டு சாமானை ஆத்துல போடணும். பயப்படாதீக, அஸ்தி கிஸ்தி ஒண்ணும் இல்ல. ஒரு சாவி, ஒரு பாட்டில். அவ்வளவுதான்.

சாவி எதுக்குன்னு கேக்கீகளா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. காலையில அஞ்சரை மணியிலருந்து நான் யாருகிட்டயாவது சொல்லணும்னுதான் துடிச்சுக்கிட்டு இருக்கேன்.

எனக்கு ஊரு சுகந்தவிளை. பேரு வேதமுத்து. அந்தச் சுத்துவட்டாரத்துல சுகந்தவிளை அசனத்துக்குக் குழம்பு பதம் சொல்லுற வேதமுத்துன்னு கேட்டீகன்னா சின்னப் பிள்ளையும் வழி காட்டும். அசனம்னா தெரியுமில்லா? உங்க கோயில் கொடையில அன்னம் போடுவாகள்லா, அந்த மாதிரி எங்க சபையில வருஷத்துக்கு ஒரு நாள் ஊருக்கே சாப்பாடு. காசு குடுத்து ஆள் வைக்கிறதே கிடையாது. காய் வெட்டுறது, விறகு தூக்குறது, கிண்டுறது, பரிமாறுறது, எச்சி இலை எடுக்கிறது, எல்லாமே சபை ஆளுகதான். வாத்தியாரும் வெட்டுவாரு, வக்கீலும் வெட்டுவாரு. கோயில் காம்பவுண்டுக்குள்ள நீளமா பள்ளம் வெட்டி, எட்டு அண்டா வரிசையா ஏத்துவோம். ஆயிரத்து இருநூறு பேரு சாப்பிடுவாக. இன்னைக்குத்தான் அசனம்.

ஆமா, இன்னைக்குத்தான். நான் இங்க பஸ்ல உக்காந்திருக்கேன். அதான் விஷயம்.

இருபத்துமூணு வருஷம் அண்ணாச்சி. இருபத்துமூணு வருஷமா எட்டு அண்டாவுக்கும் நான் ஒருத்தன்தான் பதம் சொன்னேன். ஒரு கரண்டியைத் தூக்கிக்கிட்டு ஒண்ணாவது அண்டாவுல ஆரம்பிச்சா எட்டாவது வரைக்கும் போவேன். இதுக்கு உப்பு காணாது, இதுக்குப் புளி கூடுது, இதுல பொடியைப் போடு, இதை இறக்குன்னு நான் சொன்னாத்தான் இறக்குவாக. ஒரு வருஷம் எனக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்சல். சேர் போட்டு உக்கார வச்சு, நாலு பேரு அந்தச் சேரோட என்னைத் தூக்கிக்கிட்டு அண்டா அண்டாவா போனாக. சொர்ணபாய், என் வீட்டுக்காரி, ஒரு ஓரத்துல நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. பெருமையிலதான் அழுதிருப்பா. நான் கேக்கல.

அந்தக் காய்ச்சல் வருஷந்தான் அவன் ஊருக்கு வந்தான். ஜெபசிங். சொர்ணபாய்க்கு நேர் இளையவன், எனக்கு மச்சினன். பம்பாயில ரயில்வே கேண்டீன்ல பத்தொன்பது வருஷம் கிடந்துட்டு, ரிட்டயராகி வந்தான். வந்ததும் வராததுமா சபைக் கமிட்டியில செயலாளரு. வாயைத் திறந்தா அத்தான் அத்தான்னு அவ்வளவு மரியாதை. மெதுவாத்தான் பேசுவான். எதிராளி என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டே இருப்பான். இந்த மாதிரி ஆளைத்தான் நம்பக்கூடாது.

அந்தச் சமயம் பாத்து எங்க சபைக்குப் புது ஐயரு வந்தாரு. ஐயருன்னா நீங்க நினைக்கிற ஐயரு இல்ல, பாதிரியாரைத்தான் எங்க பக்கத்துல அப்படிச் சொல்லுவோம். சின்ன வயசு. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுதாரு, சபைங்கிறது ஒரு உடம்பு மாதிரி, கை கையோட வேலையைப் பாக்கணும், கால் காலோட வேலையைப் பாக்கணும், ஒரே உறுப்பு எல்லாப் பாரத்தையும் சுமந்தா உடம்பு சாஞ்சு போகும், ஊழியத்துல பொறுப்பைப் பகிர்ந்துக்கிடணும்னு. நானும் நல்ல பிரசங்கம்னு தலையாட்டிக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு என்ன தெரியும், தலையில கல்லைத் தூக்கிப் போடப்போறாகன்னு.

கோயில் முடிஞ்சு வெளிய வாரேன், நோட்டீஸ் போர்டுல ஒரு தாளு ஒட்டியிருக்கு. அசனப் பொறுப்பாளர்கள்னு தலைப்பு. முதல் அண்டா, ஜெபசிங். ரெண்டாவது அண்டா, பொன்ராஜ். அப்படியே போகுது. ஆறாவது அண்டா, வேதமுத்து. ஆறாவது. மூணாவது கூட இல்ல, நாலாவது கூட இல்ல. இருபத்துமூணு வருஷம் பதம் சொன்னவனை ஆறாவது அண்டாவுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டாக. அவனுக்கு முதல் அண்டா. அந்த முதல் அண்டா சுவரோரம் இருக்கு, காத்து திரும்பினா புகை பூரா அங்கதான் அடிக்கும், எவனும் நிக்க மாட்டான், அது வேற விஷயம். ஆனா முதல்னா முதல்தானே.

வீட்டுக்கு வந்து சோறு திங்கல நான். சொர்ணபாய் சொல்லுதா, உங்களுக்கும் வயசாகுதுல்லா, ஒத்த அண்டான்னா நிம்மதியா நின்னு பாக்கலாம்லாங்குதா. அந்தானிக்கு எனக்குப் புரிஞ்சு போச்சு, அக்காளும் தம்பியும் பேசி வச்சுத்தான் செஞ்சிருக்காகன்னு. அன்னைக்கே முடிவு பண்ணினேன் அண்ணாச்சி. ஆயிரத்து இருநூறு பேருக்கு முன்னால இவன் மூக்கை அறுக்கல, என் பேரு வேதமுத்து இல்ல.

இந்தா, அடிக்கான் பாருங்க. போன்ல ஜெபசிங்னு எழுதியிருக்கா? இதோட ஒன்பதாவது தடவை. நான் எடுக்க மாட்டேன். அடிக்கட்டும், அடிச்சு அடிச்சுக் கை ஓயட்டும்.

எங்க விட்டேன்? ஆங், மூக்கறுக்கிறது. என்ன செஞ்சேன் தெரியுமா? வெந்தயம். குழம்புக்குக் கடைசியில வறுத்துப் பொடிச்சுப் போடுவோம், அதுல வெந்தயத்துக்குத்தான் பதம் முக்கியம். பொன்னா இருக்கும்போது எடுத்துட்டா மணக்கும். கருக விட்டா விஷம் மாதிரி கசக்கும். சொர்ணபாய் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போன நேரமாப் பாத்து, ஒரு படி வெந்தயத்தை இரும்புச் சட்டியில போட்டு, கரிக்கட்டையா ஆகிறவரைக்கும் வறுத்தேன். வீடு பூரா புகை. மிக்ஸியில அரைச்சு, ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில்ல அடைச்சேன். திரும்பி வந்தவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு, இது என்ன வாசனைன்னு கேட்டா. சுகருக்கு வெந்தயம் நல்லதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லிட்டேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. எனக்குச் சுகரே கிடையாது.

இதை எதுக்குச் செஞ்சேன்னா, அண்டாவுக்கு ஒரு ஆள்னு ஆகிப்போச்சுல்லா, அதனால எந்தத் தெருவுக்கு எந்த அண்டான்னும் பிரிச்சுட்டாக. முதல் அண்டா மேலத்தெருவுக்கு. மேலத்தெருக்காரன் நாக்கு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும், ஒரு வாய் கசந்தா இலையோட எந்திரிச்சிருவான். மத்த ஏழு அண்டாவும் நல்லா இருந்து ஒண்ணு மட்டும் கசந்தா கை யாரு கைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும்.

முன்னயெல்லாம் இது நடக்காது. ஏன்னா அண்டா மாத்துன்னு ஒரு வழக்கம் வச்சிருந்தோம். பரிமாறுறதுக்கு முன்னால ஒண்ணாவது அண்டாவுலருந்து ரெண்டு வாளி எடுத்து ரெண்டாவதுல ஊத்துவோம், ரெண்டாவதுலருந்து மூணாவதுல, அப்படியே சுத்தி வந்து எட்டாவதுலருந்து ஒண்ணாவதுல. நாலு சுத்து. எட்டு அண்டாவும் ஒரே ருசியாயிரும். எவனும் என் அண்டாதான் ஒசத்தின்னு மார் தட்ட முடியாது. அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததே நான்தான் அண்ணாச்சி. நான் பொறுப்பெடுத்த ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ ஒரு அண்டா அடிப்பிடிச்சிருச்சு. யாரு அண்டான்னு இப்ப எதுக்கு. அப்ப ஒரு யோசனை வந்துச்சு, ஊத்திக் கலந்துட்டேன். சபைன்னா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கணும்னு சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாக. புதுக் கமிட்டி, நேரம் ஆகுது, அண்டா மாத்து வேண்டாம்னு எடுத்துட்டாக. எனக்கு அது வசதியாப் போச்சு.

போன வருஷம் அசனத்தன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். கோயிலுக்குள்ள ஆராதனை முடியுற நேரம். கடைசி ஆசீர்வாதத்துக்கு அடுப்புல நிக்கிற ஆளுக எல்லாரும் கோயில் வாசல்ல போய்த் தலைகுனிஞ்சு நிப்பாக, அது எங்க முறை. நான் மட்டும் முழங்கால் வலின்னு நின்னுக்கிட்டேன். உள்ள ஐயரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லுதாரு, நான் வெளிய முதல் அண்டாவோட மூடியைத் தூக்குதேன். பாட்டில் பூராத்தையும் கவுத்தேன். துடுப்பை எடுத்து நாலு கிண்டு. ஆமென்னு சத்தம் கேட்டுச்சு. பாட்டிலை விறகுக் குவியலுக்குள்ள வீசிட்டு, என் அண்டாவுக்கு வந்துட்டேன். மனசு எப்படி இருந்துச்சுன்னு கேக்கீகளா? குளுகுளுன்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

ஜெபசிங் வந்தான். மூடியைத் தூக்கினான். கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாத்தான். நான் என் குழம்பைக் கிண்டிக்கிட்டே ஓரக்கண்ணால பாக்கேன். இப்பக் கத்துவான், இப்பக் கத்துவான்னு காத்துக்கிட்டு இருக்கேன். மறுபடியும் ஊத்தி நக்கினான். அடுப்புல விறகு தள்ளக் குனிஞ்சான், கொஞ்ச நேரம் குனிஞ்சபடியே இருந்தான், நிமிந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். அப்புறம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான்.

"அத்தான் கொண்டு வந்த நல்ல வழக்கத்தை நாம விட்டது தப்பு. இந்த வருஷமும் அண்டா மாத்திருவோம். வாளியை எடுங்க."

வேண்டாம்னு சொல்ல முடியுமா நான்? இருபத்துமூணு வருஷமா நானே கத்துன கத்து அது. பொன்ராஜும் மத்தவங்களும் என்னைப் பாத்துச் சிரிக்காக, அண்ணனுக்குச் சந்தோசமான்னு கேக்காக. நானும் பல்லைக் காட்டினேன். கண்ணு முன்னால அந்தக் கசப்பு ஒண்ணுலருந்து ரெண்டுக்குப் போகுது, ரெண்டுலருந்து மூணுக்குப் போகுது. என் அண்டாவுக்கும் வந்துச்சு. நானே வாளியை வாங்கி ஊத்தினேன். அவன் நாலு சுத்து போதாதுன்னுட்டு எட்டு சுத்து விட்டான்.

பந்தி உக்காந்தாச்சு. முதல் வாய் வச்சதும் ஆளாளுக்கு முகத்தைப் பாத்துக்கிடுதாக. துப்புற அளவுக்கு இல்ல, எட்டுல ஒரு பங்காப் போச்சுல்லா. ஆனா நாக்கோட அடியில ஒரு கசப்பு நிக்கி. சாப்பிட்டுட்டாக, எல்லாரும் சாப்பிட்டுட்டாக, ஒரு இலையிலயும் மிச்சம் இல்ல. ஆனா சளசளன்னு பேச்சு. வேதமுத்து அண்ணன் ஒத்தையாப் பாத்த காலத்துல இப்படி உண்டுமான்னு ஒருத்தன் சொல்லுதான். அது ஒண்ணுதான் அன்னைக்கு என் காதுல தேனா விழுந்துச்சு.

அப்பத்தான் இவன் போய் மைக்கைப் பிடிச்சான். பாட்டுப் பாடிக்கிட்டு இருந்த பிள்ளைககிட்டருந்து வாங்கி, அதே மெதுவான குரல்ல பேசினான்.

"குழம்பு கசக்குது. முதல் அண்டாவுக்குப் பொறுப்பு நான். பொடி கருகினதைக் கவனிக்கல. சபையார் என்னை மன்னிக்கணும்."

சரி, மூக்கு அறுந்துச்சுன்னு நான் நிமிந்து உக்காரப்போறேன், பொன்ராஜ் எந்திரிச்சான். இல்ல இல்ல, ஜெபசிங் அண்ணன் சும்மா சொல்லுதாரு, என் அண்டாவுலதான் தீ கூடிப்போச்சுங்கான். மூணாவது அண்டாக்காரரு, எழுபது வயசு, குச்சியை ஊணி எந்திரிச்சு, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நான்தான் கருக விட்டிருப்பேன்னு சொல்லுதாரு. அப்படியே நாலு, அஞ்சு, ஏழு, எட்டு. ஏழு பேரும் ஒத்துக்கிட்டாக அண்ணாச்சி. ஒருத்தனும் பொய் சொல்லல, ஒவ்வொருத்தனும் நிசமாவே தன் தப்புன்னுதான் நினைக்கான். கலந்து விட்டாச்சே, எவனுக்குத் தெரியும். ஐயரு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. பொறுப்பைப் பகிர்ந்துக்கிடுறதுன்னா இதுதான்னு சொன்னாரு.

நானா? நான் பாயசம் குடிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் என்னைப் பாத்தாக. நான் டம்ளரைப் பாத்தேன். ஏழு பேரு பேசியாச்சு, எட்டாவது ஆள் பேசலன்னா என்ன அர்த்தம்? வேதமுத்து அண்டாவுல குத்தம் இருக்காதுன்னு அர்த்தம். அப்படித்தான் ஊரு எடுத்துக்கிட்டு. அடுத்த மாசக் கமிட்டியில, இனிமே பழையபடி எட்டு அண்டாவுக்கும் வேதமுத்துதான் பதம் சொல்லணும், சாமான் ரூம் சாவியும் அவருகிட்டதான் இருக்கணும், மத்த ஏழு பேரும் அவருக்குக் கீழ நின்னு பழகிக்கிடட்டும்னு தீர்மானம் போட்டுட்டாக. தீர்மானத்தைக் கொண்டு வந்ததே ஜெபசிங்தான்.

பாத்தீகளா, ஜெயிச்சுட்டேன். அப்படித்தான் நானும் நினைச்சேன். ஒரு வருஷம் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன். நேத்து சாயங்காலம் வரைக்கும்.

நேத்து சாயங்காலம் சாமான் ரூம்ல அவனும் நானும் மட்டும் இருக்கோம். அரிசி, பருப்பு, புளி, மல்லி எல்லாம் சரி பாத்து முடிச்சாச்சு. ரூமைப் பூட்டப்போறேன். அப்ப அவன் ஒரு துணிப்பைக்குள்ள கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். இந்தா, இதான் அந்தப் பாட்டில். அதே ஊறுகாய் பாட்டில். ஒட்டியிருக்கிற துண்டுத்தாளைப் படிங்க. சொர்ணபாய் வேதமுத்து, எலுமிச்சை ஊறுகாய். பெண்கள் சங்க விற்பனைக்குன்னு அவ ஒட்டினது. அன்னைக்கு அதைக் கிழிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கூறுகெட்டவன் நான். உள்ள இருக்கிறது பழைய பொடி இல்ல. மோந்து பாருங்க. எப்படி மணக்குது? பொன்னா வறுத்திருக்கான்.

அவன் சொன்னதை அப்படியே சொல்லுதேன். "அத்தான், உங்க பாட்டிலு. போன வருஷம் விறகுல கிடந்துச்சு, அண்டா மாத்துறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். கழுவி வச்சிருந்தேன். இந்த வருஷத்துப் பொடி நானே வறுத்தேன், பதம் சரியான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

அவ்வளவுதான் சொன்னான். சிரிக்கக்கூட இல்ல. வெளிச்சம் போகுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

என்னத்தச் சொல்ல. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல. யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. அண்டா மாத்துறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே மாத்தியிருக்கான். அப்ப ஆயிரத்து இருநூறு பேரைக் கசப்பைத் திங்க வச்சது யாரு? நான் ஒத்த அண்டாவுலதான் போட்டேன். எட்டு அண்டாவுக்கும் பரப்பினது அவன்தானே? மைக்கைப் பிடிச்சு நல்ல பேரு வாங்கினதும் அவன். எனக்குப் பதவியைத் திருப்பி வாங்கிக் குடுத்ததும் அவன். ஒரு வருஷம் பூரா என் மொகத்தைப் பாத்து அத்தான் அத்தான்னு கூப்பிட்டுக்கிட்டு, அவன் வீட்டுப் பரண்ல என் பாட்டிலைக் கழுவி வச்சிருந்திருக்கான். ஒருத்தருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன், கோர்ட்டுக்குப் போயிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இவன் சொல்லாமலே கொன்னுட்டான் என்னை. இதைவிடப் பெரிய பழிவாங்கல் எவனாவது செய்வானா?

அதான் கிளம்பிட்டேன். அசனத்துச் சாமான் அத்தனையும் அந்த ரூமுக்குள்ள இருக்கு, சாவி என் பையில இருக்கு. ஒருத்தருகிட்டயும் சொல்லாம முதல் பஸ்ஸைப் பிடிச்சுட்டேன். தூத்துக்குடியில என் மக இருக்கா, அங்க போய்ப் பேசாமப் படுத்துக்கிடுவேன். பூட்டை உடைக்க மாட்டாக. எங்க சபையில ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூடக் கமிட்டி கூடணும், தீர்மானம் போடணும், ஐயரு கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். ஆயிரத்து இருநூறு பேரு இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாக, சோறு வராது. செயலாளரு யாரு? ஜெபசிங். பதில் சொல்லட்டும். இந்தத் தடவை கலந்துவிடக் குழம்பே இருக்காது. எந்த அண்டாவுலருந்து எந்த அண்டாவுல ஊத்துவான், பாக்கேன் நான்.

பாலம் வந்துட்டா? இன்னும் இல்லியா. வாழைத்தோட்டம்தான் தெரியுது. சரி, தயாரா இருப்போம்.

இந்தா, மறுபடியும் அடிக்கு. இல்ல, இது சொர்ணபாய். இவளுது எடுக்கலன்னா செத்துக்கித்துப் போயிட்டேனோன்னு ஆளைக் கூட்டிருவா. ஒரு நிமிஷம் அண்ணாச்சி.

ஏட்டி, சொல்லு. பஸ்ல இருக்கேன். எங்க போனா உனக்கென்ன. கதவு அடைச்சுக் கிடந்தா கிடக்கட்டும். என்னது? யாரு வீட்டு அரிசி? எல்லார் வீட்டுலருந்துமா? மேலத்தெருக்காரனுமா? பருப்பு? ம். ம். எத்தனை அண்டா? ஏழா? ஆறாவது என்னாச்சு? தண்ணி மட்டும் கொதிக்குதா? ஏன், பருப்பு போட ஆள் இல்லையா அங்க? யாரையும் தொட விடலையா, யாரு, உன் தம்பியா? வருவாருன்னு அவனுக்கு யாரு சொன்னா? நான் சொன்னேனா? சாவிக்கு என்ன சொன்னான்? என்ன, மறுபடி சொல்லு. அவன்... சரி. வை.

போனை வைட்டி, வைங்கேன்லா.

ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கண்ணுல தூசி. அந்த ஜன்னலை மூடுங்க.

கேட்டீகளா கதையை. பூட்டை எவனும் தொடவே இல்லையாம். விடியக்காலையில கோயில் மணியை அடிச்சு, வீட்டுக்கு ஒரு படி அரிசியும் ஒரு உழக்குப் பருப்பும் கொண்டு வாங்கன்னுட்டானாம். ஆளுக மூட்டை மூட்டையாக் கொண்டு வந்து கொட்டுதாகளாம். ஏழு அண்டாவும் ஏறியாச்சு. ஆறாவதுல வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சுக்கிட்டு நிக்கானாம், அத்தான் வந்துதான் அதுல கை வைக்கணும்னு. சாவி எங்கன்னு ஊரு கேட்டதுக்கு என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "என் கவனக்குறைவு, நான்தான் தொலைச்சுட்டேன், அத்தான் மாத்துச்சாவி தேடி ஏரலுக்குப் போயிருக்காரு." இப்படிச் சொல்லியிருக்கான். மைக்ல. எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காகளாம், பத்திரமா வந்து சேரணும்னு.

மறுபடியும் பாத்தீகளா. மறுபடியும் என் குத்தத்தை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டான். அசையுதானா பாருங்க. எத்தனை தடவை அடிச்சாலும் அந்த அடியை எடுத்துத் தன் கணக்குல வச்சுக்கிட்டு, அத்தான்னு நிக்கான். மனுசன் எத்தனைதான் தாங்குவான்.

பாலம் வந்துட்டு. தெரியுது, தெரியுது. இல்ல, நீங்க குனிய வேண்டாம். பாட்டிலை எதுக்கு வாங்குதீக? நீங்க போட்டுருவீகளா? கொடுங்க இங்க. கொடுங்கங்கேன். அண்ணாச்சி, அது என் மச்சினன் வறுத்த பொடி. இதை ஆத்துல கொட்டிட்டு ஆறாவது அண்டாவுக்கு நான் எதைப் போடுவேன்?

கண்டக்டரே, பாலம் தாண்டினதும் நிறுத்துங்க. ஆமா, தூத்துக்குடிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இப்ப இறங்கப்போறேன். எதுத்தாப்புல நாசரேத் பஸ் வந்தா ஒரு மணி நேரத்துல போய்ச் சேந்துருவேன். எட்டரைக்குப் பருப்பு போட்டாலும் பன்னெண்டுக்கு இறக்கிரலாம்.

சமாதானமாப் போறேன்னு நினைச்சிராதீக. நானாவது, சமாதானமாவது. இப்பத்தான் எனக்கு வழி கிடைச்சிருக்கு. போய் அண்டாவை இறக்கி வச்சுட்டு, நேரா மைக்குக்குப் போறேன். அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால நான் பிடுங்கிருதேன். சாவி தொலையல, என் பையிலதான் இருந்துச்சு, வேணும்னுதான் கொண்டு போனேன்னு ஊருக்கு முன்னால சொல்லிருதேன். போன வருஷக் கசப்பும் என்னுதுதான், இந்தா பாட்டில், இந்தா என் வீட்டுக்காரி பேருன்னு தூக்கிக் காட்டிருதேன். ஏழு பேரும் ஒத்துக்கிட்டது வீண், தப்பு ஆறாவது அண்டாக்காரனுதுன்னு சொல்லிருதேன். ஒண்ணு மிச்சம் வைக்காமச் சொல்லிட்டேன்னா, அவன் தூக்கிச் சுமக்க என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. கையை வெறுமனே தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும் அவன். அப்ப அவன் மொகம் போற போக்கைப் பாக்கணும் நான்.

வாரேன் அண்ணாச்சி. அந்தப் பையை எடுத்துக் கொடுங்க. பாட்டில் மூடி இறுக்கமா இருக்கான்னு பாருங்க, கொட்டிரப்போகுது.